செத்த காலேஜில் வேலை கிடைத்தால் போகலாமா?

தாழைமடல் · திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள்தான் நான். எழுதுவது இது இரண்டாவது முறை.

அமெரிக்காவில் கலை வரலாற்றில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் கலை மியூசியத்தில் உதவி கியூரேட்டர் வேலைக்கு விண்ணப்பித்தேன். முதல் சுற்றில் தேறிவிட்டேன், அடுத்த வாரம் வீடியோவில் நேர்காணல்.

பாளையங்கோட்டைக்குப் போன் செய்து சொன்னால் பெரியப்பா, "கியூரேட்டரா? சேப்பாக்கத்துல பிட்ச் போடுவாரே, அந்த வேலையா?" என்றார். அம்மாவுக்குப் பிட்ச் இல்லை என்று புரிந்தது. ஆனால் "இவ்வளவு செலவு பண்ணிப் படிச்சது சிலைக்குத் தூசி தட்டவா?" என்று கேட்டாள். சுர்ரென்று கோபம் வந்தது. போனை வைத்த பிறகு யோசித்தால், சொல்வதற்கு எனக்கே பதில் இல்லை.

போன கோடையில் ஒரு பெரிய மியூசியத்தில் பயிற்சிக்கு இருந்தேன். மூன்று மாதமும் எக்செல் தாளில் ஓவியங்களின் அளவை அங்குலத்திலிருந்து சென்டிமீட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பல்கலைக்கழக மியூசியம் அதிலிருந்து எப்படி வேறுபடும்? விளம்பரத்தில் "கற்பித்தலோடு சேர்ந்த பணி" என்று போட்டிருக்கிறது. உண்மையிலேயே வகுப்பு எடுக்கவேண்டுமா? இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இங்கே உண்டா?

சுண்டல் · திங்கள், இரவு 9.52

பிட்ச் போடுகிறவருக்குச் சம்பளம் அதிகம். பெரியப்பா பேச்சைக் கேளுங்கள்.

எழும்பூர்வாசி · திங்கள், இரவு 11.05

தாழைமடல், முதலில் வாழ்த்து. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் உங்கள் வேலைக்குக் காப்பாட்சியர் என்று பெயர்ப்பலகையே உண்டு. அம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், 'ஆட்சியர்' என்று முடிவதால் கலெக்டர் மாதிரி காதில் விழும்.

நான் சிறுவனாக இருந்தபோது எழும்பூர் மியூசியத்தை யாரும் மியூசியம் என்று சொல்லிக் கேட்டதில்லை. செத்த காலேஜ்தான். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். 1851இல் தொடங்கிய இடம். ஊரிலிருந்து உறவுக்காரர் வந்தால் காலையில் உயிர் காலேஜ், மாலையில் செத்த காலேஜ், நடுவில் கட்டுச்சோறு. பாடம் செய்த மிருகம், திமிங்கலத்தின் எலும்புக்கூடு என்று உள்ளே இருப்பதெல்லாம் செத்தவை என்பது சரி. காலேஜ் என்று எந்த மகராசன் சேர்த்தானோ! உங்கள் வேலைக்கு அந்தப் பெயர் அச்சாகப் பொருந்துகிறது.

நம் நாட்டிலும் பல்கலைக்கழக மியூசியங்கள் உண்டு. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகம் 1937இல் வந்தது. ராய் கிருஷ்ணதாஸ் 1920இல் தொடங்கிய பாரத் கலா பவன், 1950இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. காசிக்குப் போனபோது கங்கையில் முழுகிவிட்டு நேராக அங்கேதான் போனேன். உள்ளங்கை அகல ஓவியத்தில் ஒரு பெண்ணின் மூக்குத்தியை எத்தனை முடி தூரிகையால் போட்டானோ என்று பார்த்துக்கொண்டே நின்றதில், என் மனைவி தனியாகக் கோயிலுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டாள். பரோடாவில் இந்தத் துறைக்கென்று 1952 முதல் படிப்பே இருக்கிறது. அமெரிக்க நடைமுறை எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பழுப்புக்காகிதம் · செவ்வாய், காலை 6.15

தாழைமடல், அம்மாவிடம் சொல்லுங்கள்: தூசி தட்ட நம்மை விடமாட்டார்கள். அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் தனி, பிரஷ் தனி.

பதினோரு வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன். சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். எங்களிடம் இருப்பது ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் பொருள். எந்த நாளிலும் சுவரிலும் பெட்டியிலும் இருப்பது முந்நூறைத் தாண்டாது. மிச்சமெல்லாம் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், இழுப்பறைகளில் படுத்திருக்கிறது. வேலையில் பாதி அங்கேதான்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பொதுச் சுகாதாரம் படிக்கும் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். "குடியும் வறுமையும் பற்றி ஏதாவது படம் இருக்கிறதா?" என்று அவர்கள் பேராசிரியர் ஒரு மாதம் முன்பே கேட்டிருந்தார். ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் 'ஜின் சந்து' இருந்தது. 1751இல் லண்டனில் வெளியிட்ட அச்சுப்படம், எங்களுடையது பிற்பாடு அடித்த பிரதி. பெட்டியிலிருந்து எடுத்துச் சாய்வுப் பலகையில் வைத்தேன். பத்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது, போனைத் தொடக்கூடாது, பார்க்கமட்டும் வேண்டும் என்றேன்.

முதல் இரண்டு நிமிஷம் நெளிந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் குனிய ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு தாய் போதையில் மூக்குப்பொடி எடுக்கிறாள், கைக்குழந்தை நழுவித் தலைகீழாக விழுகிறது. அது எல்லார் கண்ணிலும் படும். நர்ஸாக இருந்துவிட்டுப் படிக்க வந்த ஒரு பெண், தாயின் காலைக் காட்டி, "இந்தப் புண் குடியால வந்தது இல்ல, இது வேற நோய்" என்றாள். இடது பக்கத்து அடகுக்கடையை ஒரு பையன் கண்டுபிடித்தான். தச்சன் தன் ரம்பத்தைக் கொடுக்கிறான், பக்கத்தில் ஒருத்தி அடுக்களைப் பாத்திரத்தைக் கொடுக்கிறாள். "ரம்பத்தை வெச்சுட்டா நாளைக்கு எதை வெச்சு வேலை செய்வான்?" என்று அவன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். (அவர்கள் பேசியது இங்கிலீஷில்தான், நான் நம் வழக்கில் எழுதுகிறேன்.) அந்த ஒரு மணி நேரத்தில் நான் பேசியது ஐந்தாறு வாக்கியம் இருக்கும்.

நீங்கள் கேட்ட கற்பித்தல் இதுதான். கரும்பலகை கிடையாது. எந்தத் துறைக்கு எந்தப் பொருள் வாய்திறக்கும் என்று தெரிந்திருப்பதும், திறந்தால் குறுக்கே பேசாமல் இருப்பதும்தான் திறமை. யேல் மருத்துவக் கல்லூரியில் இர்வின் பிரேவர்மேன் என்ற தோல் மருத்துவர், மாணவர்களைப் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்துக்கு அழைத்துப்போய் ஓவியங்களின் முன்னால் நிறுத்தினார். ஓவியம் பார்த்துப் பழகியவர்கள் நோயாளியின் படத்திலும் கூடுதலாகக் கவனிக்கிறார்கள் என்று 2001இல் மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். இன்று பல மருத்துவக் கல்லூரிகளில் இது உண்டு.

பெரிய மியூசியம் கூட்டத்துக்காக நடக்கிறது. இங்கே ஆறு பேருக்காக ஒரு படத்தை வெளியே எடுப்போம், யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். கேட்பார்கள், அந்தக் கதை அப்புறம்.

சுண்டல் · செவ்வாய், காலை 8.30

பன்னிரண்டாயிரத்தில் முந்நூறுதான் வெளியே என்றால், மிச்சத்தையும் சுவரில் மாட்டினால் என்ன? கெட்டா போய்விடும்?

பழுப்புக்காகிதம் · செவ்வாய், இரவு 8.10

கெட்டுப்போகும் சுண்டல். கண்ணெதிரே பார்த்திருக்கிறேன்.

அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ 1960களின் தொடக்கத்தில் ஹார்வர்டுக்கென்று பெரிய சுவரோவியங்கள் வரைந்தார். 1964இல் அவற்றை ஒரு கட்டடத்தின் மேல்மாடிச் சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். சுற்றிக் கண்ணாடி ஜன்னல், நல்ல வெயில். அவர் பயன்படுத்திய சிவப்பில் லித்தால் சிவப்பு என்ற சாயம் இருந்தது, வெளிச்சம் பட்டால் ஓடிவிடுகிற சாயம். வெயில் ஒரு பக்கம், சாப்பிட வந்தவர்கள் கை வைத்ததும் கொட்டியதும் ஒரு பக்கம். கருஞ்சிவப்பு வெளிறி நீலம் பாய்ந்து, 1979இல் கழற்றி இருட்டறையில் வைத்தார்கள். பல்கலைக்கழகம் தன்னிடம் தந்த பொருளைத் தானே வெளுக்கவைத்த கதை இது.

2014இல் புதுக் கட்டடம் திறந்தபோது அதே ஓவியங்களை வெளியே கொண்டுவந்தார்கள். மேலே ஒரு சொட்டுச் சாயம் பூசவில்லை. பழைய கலர் போட்டோக்களை வைத்து, போன நிறம் எது என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப்போட்டு, புரொஜக்டரில் அந்த நிறத்தை மட்டும் ஓவியத்தின்மேல் பாய்ச்சினார்கள். நான் அப்போது மாணவி, பஸ் பிடித்துப் போனேன். தினமும் மாலை நாலு மணிக்கு விளக்கை அணைப்பார்கள் என்று சொன்னதால் காத்திருந்தோம். கருஞ்சிவப்பாக, ஏறக்குறைய பீட்ரூட் நிறத்தில் நின்ற சுவர், ஒரு நொடியில் பழைய லுங்கி மாதிரி ஆகிவிட்டது. கூட்டத்தில் ஒருவர் "ஐயோ" என்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். வெளிச்சத்தைப் பற்றி எனக்கு அதற்கு மேல் பாடம் தேவைப்படவில்லை.

காகிதமும் துணியும் என்றால் வெளிச்ச அளவில் 50 லக்ஸ்தான் கணக்கு. மங்கலாகத்தான் இருக்கும், வருகிறவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திட்டுவார்கள். எங்களிடம் ஒரு கலம்காரித் துணி மூன்று மாதம் வெளியே வந்தால் அப்புறம் சில வருஷம் இழுப்பறைக்குள்தான். அதனால்தான் வகுப்பறை முறை. அந்த ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, காட்டி, திரும்பப் படுக்கவைத்துவிடலாம்.

தாழைமடல் · செவ்வாய், இரவு 9.25

அக்கா, (அக்கா என்று சொல்லலாம்தானே?) இதைப் படித்ததும் வேலைமேல் ஆசை வந்துவிட்டது. கையால் தொட விடுவார்களா? வெள்ளைக் கையுறை போடவேண்டுமா? அப்புறம், பொருள் எப்படி வந்து சேர்கிறது? வாங்குவதா, கொடுப்பதா?

பழுப்புக்காகிதம் · புதன், காலை 6.40

தாராளமாகச் சொல்லலாம். வெள்ளைப் பருத்திக் கையுறை பெரும்பாலும் சினிமாவில்தான். உலோகம், போட்டோ என்றால் நைட்ரைல் என்கிற ரப்பர்க் கையுறை, விரல் வியர்வை பித்தளையில் ரேகையாக அரித்துவிடும். காகிதத்துக்குச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்த வெறுங்கை போதும். கையுறை போட்டால் ஓரம் தட்டுப்படாது, கிழித்துவிடுவோம்.

வந்து சேர்வது பெரும்பாலும் நன்கொடையாகத்தான். அதுதான் பல்கலைக்கழக மியூசியத்தின் வரமும் தலைவலியும். பழைய மாணவர் ஒருவர் இறந்துபோவார், மகன் போன் செய்வார்: "அப்பா நாற்பது வருஷமாகச் சேர்த்த யானைப் பொம்மைகள், உங்கள் பல்கலைக்கழகத்துக்கே தரவேண்டும் என்று ஆசைப்பட்டார்." வேண்டாம் என்று சொன்னால் அடுத்த நாள் நன்கொடைப் பிரிவிலிருந்து எனக்குப் போன் வரும், அந்தக் குடும்பம் நூலகத்துக்கு என்ன கொடுக்கப்போகிறது தெரியுமா என்று. யானையையும் நோகடிக்காமல், ஆளையும் நோகடிக்காமல் மறுப்பது தனிக்கலை. நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள்.

விலை மட்டும் வாயில் வரக்கூடாது. பாட்டி வீட்டுத் தஞ்சாவூர் ஓவியத்தைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து "என்ன போகும்?" என்று கேட்கிற நம் ஊர்க்காரர்கள் உண்டு. சொல்லமாட்டேன். 5,000 டாலருக்கு மேல் வரிச்சலுகை கேட்கிற நன்கொடைக்கு வெளியாள் ஒருவர் மதிப்புப் போடவேண்டும், வாங்கிக்கொள்கிற மியூசியம் போடக்கூடாது.

உள்ளே வந்துவிட்டால் எண் உண்டு. 1987.23.4 என்று எழுதியிருந்தால் 1987ஆம் வருஷம், அந்த வருஷத்தில் வந்த இருபத்துமூன்றாவது கொடை, அதில் நாலாவது பொருள். எண் அழிந்த பொருள் அநாதை.

ஒரு சொந்தச் சோகமும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் பூவும் சந்தனமும் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் கீழ்த்தள அறைக்கு மேலே ஒரு தண்ணீர்க் குழாய் போகிறது. கசிகிறது என்று கட்டடப் பராமரிப்புக்கு மூன்று முறை எழுதினேன். "வரிசையில் இருக்கிறது" என்று மூன்று முறையும் பதில் வந்தது. ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குக் காவலாளி போன் செய்தார். போய்ப் பார்த்தால் ஜப்பானிய அச்சுப்படங்கள் இருந்த அலமாரியின் மேல் சொட்டு சொட்டாக இறங்குகிறது. நான், காவலாளி, பைஜாமாவோடு ஓடிவந்த எங்கள் மியூசியப் பதிவாளர், மூன்று பேரும் விடியும்வரை இழுப்பறை இழுப்பறையாகத் தூக்கி மேலே கொண்டுபோனோம். இரண்டு படத்தின் ஓரம் மட்டும் கறைபட்டது. திங்கட்கிழமை காலை குழாய் சரியாகிவிட்டது. ஒரே மணி நேர வேலையாம்.

கும்மோணத்தான் · புதன், மதியம் 1.20

எல்லாம் கதை கதையாகச் சொல்கிறீர்கள், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரன் பல்கலைக்கழகத்தில் இருக்கிற நம் சிலைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? எங்கள் ஊர்ப்பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் திருமங்கை ஆழ்வார் ஆக்ஸ்போர்டில் போய் நின்றார். வாளும் கேடயமுமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள். எண்ணெய்க்காப்பு இல்லை, ஒரு துளசி இல்லை. காப்பாட்சியர் என்று பெயர் வைத்தால் ஆச்சா? யார் பொருளைக் காக்கிறீர்கள்?

சுண்டல் · புதன், மதியம் 1.41

நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கிளப்பிக்கொண்டு வந்து திருவரங்கத்து மதிலைக் கட்டினார் என்று குருபரம்பரை சொல்கிற அதே திருமங்கை ஆழ்வார்தானே, அண்ணே?

கும்மோணத்தான் · புதன், மதியம் 1.50

அது வேறு, இது வேறு. விளையாடுகிற இடம் இல்லை தம்பி.

பழுப்புக்காகிதம் · புதன், இரவு 9.00

கும்மோணத்தான் சார், கோபம் நியாயம். தட்டிக்கழிக்காமல் பதில் சொல்கிறேன்.

அந்தச் சிலையை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் மியூசியம் 1967இல் லண்டனில் சோதபீஸ் ஏலத்தில் வாங்கியது. அதற்கு முன் ஒரு தனியார் சேகரிப்பில் இருந்ததாகக் கணக்கு. அதே சிலை 1957இல் கோயிலில் எடுத்த போட்டோவில் இருக்கிறது என்று 2019இல் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். போட்டோ புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்தது. 1950களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் அவர்கள் படமெடுத்து வைத்ததற்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மியூசியம் தானே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, திருப்பிக் கொடுக்கலாம் என்று ஆதரவு தெரிவித்தது. அங்கே அறக்கட்டளை ஆணையமும் சம்மதிக்கவேண்டும் என்பது சட்டம், அதனால் கோப்பு அங்கே போனது.

இதில் நான் பார்ப்பது வேறு ஒன்று. 1967இல் வாங்கியவர் ரசீதைப் பத்திரமாக வைத்துவிட்டு, அதற்கு முன் என்ன என்று கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யாருமே கேட்கவில்லை. என் மேசையில் இப்போது ஒரு கோப்பு இருக்கிறது. தென்னிந்திய வெண்கலம், அம்மன், முழங்கை உயரம். 1984இல் நன்கொடையாக வந்தது. கொடுத்தவர் "ஐரோப்பாவில் வாங்கியது" என்று ஒரே வரி எழுதியிருக்கிறார். அதற்கு முன்னால் வெற்றுத் தாள். பாதத்துக்குக் கீழே பீடத்தில் நாலு மூலையிலும் வளையம், பல்லக்கில் கட்டித் தூக்கக் கயிறு கோக்கிற வளையம். ஒரு வளையம் உள்பக்கம் தேய்ந்து மெலிந்து போயிருக்கிறது. அந்தத் தேய்மானத்தைப் பார்த்த பிறகு "அலங்காரப் பொருள்" என்று லேபிள் எழுதக் கை வராது. எத்தனை வருஷம் எத்தனை பேர் தோளில் வீதி சுற்றியிருப்பாள்! படங்களைப் புதுச்சேரிக்கு அனுப்பிக் கேட்டிருக்கிறேன். கோயில் தெரியவந்தால் போகவேண்டியவள் போகவேண்டியதுதான். எங்கள் இயக்குநரிடம் எழுத்திலேயே கொடுத்துவிட்டேன். அவர் முகம் அவ்வளவு மலரவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் இருப்பதால் ஒரு சௌகரியம்: இந்தக் கோப்பையே வகுப்பாக்கலாம். இப்போது நாலு மாணவர்கள் பழைய ஏலப் பட்டியல்களை இரண்டு மாதமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கும்மோணத்தான் · புதன், இரவு 10.15

வளையம் தேய்ந்திருக்கிறது என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் வேறு பேசத் தோன்றவில்லை. எங்கள் தாத்தா சீர்பாதம் தாங்கியவர். தோளில் காய்ப்பு இருக்கும்.

யாழ்மதி · வியாழன், காலை 5.30

லண்டனிலிருந்து எழுதுகிறேன். ஓம், நானும் இதே துறைதான், ஆனால் பதிவாளர். இங்கே எல்லாரும் காப்பாட்சியரைப் பற்றியே கதைக்கிறீர்கள். அந்தக் கோப்பைத் திறந்து, எண் போட்டு, இரவல் போனால் திரும்ப வந்ததா என்று பார்த்து, பெட்டியோடு லொறியில் கூடவே போகிறவர்கள் நாங்கள். பழுப்புக்காகிதம் சொன்ன பைஜாமாக்காரருக்கு என் வணக்கம்.

ஒன்றைச் சேர்க்கவேண்டும். மியூசியங்கள் 1970 என்ற வருஷத்தைக் கோடாக வைத்திருக்கின்றன, யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த வருஷம். அதற்கு முன் வெளியே வந்ததற்குக் கடதாசி இருக்கிறதா என்று கேட்பார்கள். பலர் அதைச் சட்டம் என்றே நினைத்திருக்கிறார்கள். மியூசியங்கள் தாங்களே வைத்துக்கொண்ட ஒழுங்குதான் அது. 1957இல் கோயிலில் இருந்து 1967இல் ஏலத்துக்கு வந்தது அந்தக் கோட்டுக்கு முன்னம்தானே? அப்போ அது சரியாகிவிடுமா? கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற பொருளையும் கேட்கவேண்டித்தான் இருக்கு.

அமெரிக்காவில் பூர்வகுடிகளுக்கென்று 1990இல் தனிச்சட்டமே வந்தது. 2024 ஜனவரியில் விதிகளை இறுக்கினார்கள். எலும்புகளையும் சடங்குப் பொருள்களையும் காட்சிக்கு வைக்கவோ ஆராயவோ அந்த மக்களின் சம்மதம் முதலிலேயே வேண்டும். பல மியூசியங்கள் பெட்டிகளைத் துணி போட்டு மூடின. தாழைமடல், நீங்கள் போகிற இடத்தில் அப்படியான சேகரிப்பு இருக்கிறதா என்று முதலே பாருங்கோ. இருந்தால் உங்கள் வேலையில் பெரும்பங்கு அதுவாக இருக்கும்.

வரவுசெலவு · வியாழன், மதியம் 12.10

நான் கணக்கு ஆள், கலை தெரியாது. ஒரு சந்தேகம். பன்னிரண்டாயிரம் பொருள் இருட்டில் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு ஹாஸ்டலில் ஏசி இல்லை, கட்டணம் வருஷா வருஷம் ஏறுகிறது. இரண்டு படத்தை விற்று ஹாஸ்டலைச் சீர் செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நம் வீட்டிலும் நகை எதற்கு இருக்கிறது, கஷ்டம் வந்தால் விற்கத்தானே?

பழுப்புக்காகிதம் · வியாழன், இரவு 8.30

"கேட்பார்கள், அந்தக் கதை அப்புறம்" என்றேனே, அதை எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள்.

நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. இண்டியானா மாநிலத்தில் வால்பரைசோ பல்கலைக்கழகம், 2023இல். முதலாண்டு மாணவர் விடுதியைப் புதுப்பிக்க மூன்று ஓவியங்களை விற்கப்போவதாக அறிவித்தார்கள். ஜார்ஜியா ஓகீஃப், ஃப்ரெடரிக் சர்ச், சைல்ட் ஹாசம் வரைந்தவை. அந்த மியூசியத்தின் பெயரே பிரவர் மியூசியம். அதை உருவாக்கிய ரிச்சர்ட் பிரவர் தொண்ணூறு வயதைத் தாண்டியவர், விற்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார், வழக்குக்கும் போனார். 2024இல் நீதிமன்றம் விற்க அனுமதித்தது. மியூசியத்தையும் மூடினார்கள்.

இதற்கு முன் ராண்டால்ஃப் கல்லூரி, ஜார்ஜ் பெல்லோஸ் ஓவியம் ஒன்றை 2014இல் லண்டன் நேஷனல் கேலரிக்கு 2.55 கோடி டாலருக்கு விற்றது. மற்ற மியூசியங்கள் அந்தக் கல்லூரியை ஒதுக்கிவைத்தன. இரவல் கிடையாது, கூட்டுக் கண்காட்சி கிடையாது. 2009இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தன் ரோஸ் மியூசியத்தையே மூடிச் சேகரிப்பை விற்க முடிவெடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதில் பின்வாங்கினார்கள். அந்த மியூசியம் இன்றும் இருக்கிறது.

நகை உதாரணத்துக்கு வருகிறேன். அது நம் நகை இல்லை சார். ஒருவர் "மாணவர்கள் பார்க்கட்டும்" என்று நம்பிக் கொடுத்துவிட்டுப் போனது. கோயில் உண்டியலில் போட்டதை எடுத்துக் கோயிலுக்கே ஜெனரேட்டர் வாங்கினால்கூடப் பரவாயில்லை. ஆழ்வார் நகையை விற்று அறநிலையத்துறை அலுவலகத்துக்கு ஏசி போட்டால் கும்மோணத்தான் சார் சும்மா இருப்பாரா? விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, ஒரே படத்தில் மூன்று பிரதி இருந்தால் ஒன்றை நாங்களும் விற்கிறோம். அந்தப் பணம் வேறு பொருள் வாங்கவோ இருப்பதைப் பராமரிக்கவோதான் போகவேண்டும் என்பது துறைக்குள் இருக்கிற கட்டுப்பாடு.

வரவுசெலவு · வியாழன், இரவு 9.05

உண்டியல் விஷயம் புரிகிறது. ஆனாலும் ஏசி இல்லாத அறையில் தூங்குகிற பிள்ளையிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பழுப்புக்காகிதம் · வியாழன், இரவு 9.20

எனக்கும் சுலபமாக வராது. அதனால்தான் அந்தப் பிள்ளையை முதலில் கீழே அழைத்துவந்து படத்தைக் காட்டப் பார்க்கிறேன். நாலு வருஷம் படித்துவிட்டு மியூசியம் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போகிறவர்கள் இருக்கிறவரை உங்கள் கேள்வி ஜெயித்துக்கொண்டேதான் இருக்கும். வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்தெந்தத் துறை என்று வருஷக் கடைசியில் நாங்கள் பட்டியல் போடுவது அழகுக்கு இல்லை.

தாழைமடல், நேர்காணலுக்குச் சில விஷயம். அந்த மியூசியத்தின் சேகரிப்பை இணையத்தில் தேடி, யாரும் கவனிக்காத ஒரு பொருளைப் பிடித்து வையுங்கள். அதை வைத்து இரண்டு துறைக்கு, சும்மா கலை வரலாறு இல்லாமல், மண்ணியலுக்கோ சட்டத்துக்கோ ஒரு வகுப்பு யோசித்துச் சொல்லுங்கள். இந்தப் பழக்கம் புதிதில்லை. பால் சாக்ஸ் என்பவர் வங்கி வேலையை விட்டுவிட்டு ஹார்வர்டின் ஃபாக் மியூசியத்துக்கு வந்து, 1921 வாக்கில் கியூரேட்டர்களுக்கென்றே ஒரு வகுப்பு தொடங்கினார். பொருளைக் கையில் கொடுத்துத்தான் பேசச் சொல்வாராம். உங்களையும் ஏதாவது ஒரு பொருளைக் காட்டிப் பேசச் சொல்லலாம்.

சம்பளம் ஐ.டி.யில் இருக்கிற உங்கள் வகுப்புத் தோழர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், தூக்கம் போய்விடும். விசாவில் ஒரு நல்லது, பல்கலைக்கழகங்களுக்கு எச்1பி குலுக்கல் கிடையாது. மற்ற விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அவர்கள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். பதவி எத்தனை வருஷத்துக்கு, யார் பணத்தில் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். நன்கொடையில் நடக்கிற மூன்று வருஷப் பதவிகள் நிறைய.

தாழைமடல் · அடுத்த வியாழன், இரவு 11.30

எல்லாருக்கும் நன்றி. நேர்காணல் முடிந்தது. முடிவு தெரிய இரண்டு வாரம் ஆகும்.

அக்கா சொன்ன மாதிரியே ஆயிற்று. உங்களிடம் இருக்கிற ஏதாவது ஒரு பொருளைக் காட்டிப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்று முந்தின நாள் மெயில் வந்தது. என்னிடம் ஆச்சியின் பாக்குவெட்டிதான் இருந்தது. பித்தளைக் கைப்பிடி, கிளி மாதிரி வளைந்த தலை, இரும்பு வாய். கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். வாயில் நடுப்பகுதி மட்டும் குழிந்திருக்கிறது, ஒரே இடத்தில் பாக்கை வைத்து வெட்டின குழி. வலது கைப்பிடியின் உட்புறம் கட்டைவிரல் பட்டுப் பளபளவென்று இருக்கிறது. ஆச்சி இடதுகைக்காரி, ஆனால் தேய்மானம் வலதுகைக்காரருடையது, அப்படியென்றால் ஆச்சிக்கு முன்னால் வேறு யாரோ வைத்திருந்தது என்று சொன்னேன். இதை நானே அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கண்டுபிடித்தேன்! மூன்று பேரும் ஸ்கிரீனுக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்கள்.

அப்புறம் அவர்களில் ஒருவர், பதிவாளராம், "இது உங்களிடம் எப்படி வந்தது? ஆவணம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. ஆச்சி மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தபோது அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துச் சூட்கேசில் வைத்துக்கொண்டேன், ஆச்சிக்கு இன்னும் தெரியாது என்றேன்.

சிரித்தார்கள். குறித்துக்கொள்ளவும் செய்தார்கள்.

யாழ்மதி · வெள்ளி, காலை 5.10

அந்தக் கேள்வியைக் கேட்டது பதிவாளர்தானே. பார்த்தீர்களா.

கும்மோணத்தான் · வெள்ளி, காலை 7.00

வேலை கிடைக்க ஆழ்வாரை வேண்டிக்கொள்கிறேன் அம்மா. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பாக்குவெட்டி கையில் இருக்கட்டும். ஆச்சி தேடிக்கொண்டிருப்பார்.